அறுபதுக்கு மேல் நமக்கு யார் படியளப்பது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாப் பொதுக்குழுவில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு முதுமைக்காலச் சேமிப்பு. இதைப் பற்றி நான் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. 40 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு உறுப்பினரும் அடல் பென்ஷன் திட்டத்தில் கட்டாயம் சேர வேண்டும், சேராதவருக்குக் கடனுக்குப் பரிந்துரை கிடையாது என்று. அந்தத் தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்தவளே நான்தான். அன்றைக்கு நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும். தேநீர் ஆறிப்போச்சு, சாயங்காலம் ஆறு மணி ஆச்சு, ஒருத்தரும் எழுந்து போகவில்லை. இன்றைக்கு அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறத்தான் வந்திருக்கிறேன். ஏன் என்று சொல்லுகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

அன்றைக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினார்கள்.

தையல் யூனிட்டுக்குப் போகும் ஒரு தங்கச்சி, வயது 28, சொன்னாள்: "அக்கா, நம்ம கணக்குல நாம போட்டாதான் அது நம்ம பணம். நாளைக்கு எவன்கிட்டயும் போயி நிக்க வேண்டாம்." கைதட்டினோம்.

உடனே கடைசி வரிசையில் இருந்து ஒரு மதினி எழுந்தார். "எனக்கு 59 நடக்கு. நான் எங்க போயி இருபது வருசம் கட்டுதது? என்னைய மாதிரி ஆளுக்கு அரசாங்கம்தான் தரணும். நூறு நாள் வேலை பாத்தவளுக்கு மாசம் ஐநூறு எங்க மிஞ்சுது?" அதற்கும் கைதட்டினோம்.

மூன்றாவதாக எழுந்தது பீடி சுற்றும் ஒரு அக்கா. அவர் கேட்டதுதான் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. "நாமளும் போடணும், அரசாங்கமும் போடணும், சரி. நம்ம உழைப்புல வீடு கட்டுன முதலாளி என்னத்தப் போடுதாரு? அவரை மட்டும் ஏன் விட்டுட்டிய?"

இந்த மூன்று கேள்வியும் நம் மண்டபத்துச் சண்டை மட்டும் இல்லை. அரசு ஊழியர்கள் இருபது வருடமாகப் போடும் சண்டையும் இதுதான். 2004 ஜனவரி 1க்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு, நம் மாநிலத்தில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு, பழைய பென்ஷன் போய், தன் பங்கைத் தானும் போட்டுச் சேர்க்கும் பென்ஷன் வந்தது. பழையதில் கடைசிச் சம்பளத்தைக் கணக்கு வைத்து இவ்வளவு என்று உறுதி உண்டு, பொறுப்பு அரசுடையது. புதியதில் கணக்கில் எவ்வளவு சேர்ந்ததோ அவ்வளவு, சந்தை இறங்கினால் பொறுப்பு நம்முடையது. மாதச் சம்பளம், சங்கம், கொடி எல்லாம் இருக்கிறவர்களுக்கே இவ்வளவு கவலை என்றால், தினக்கூலிக்காரி நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் நாம் போடும் பணம்.

அடல் பென்ஷன் திட்டம் 2015ல் வந்தது. 18ல் இருந்து 40 வயதுக்குள் சேரலாம். வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேமிப்புக் கணக்கு வேண்டும். வருமான வரி கட்டுகிறவர்கள் 2022 அக்டோபரில் இருந்து சேர முடியாது, அது நமக்குப் பிரச்சினை இல்லை. 60 வயதுக்கு மேல் மாதம் 1,000ல் இருந்து 5,000 வரை, நாம் எதைத் தேர்ந்தெடுத்தோமோ அது கிடைக்கும். குறைந்தபட்சத் தொகைக்கு அரசு உத்தரவாதம் உண்டு. நமக்குப் பிறகு கணவருக்கு அதே பென்ஷன். இரண்டு பேருக்கும் பிறகு, 1,000 ரூபாய் பென்ஷன் என்றால் சுமார் 1,70,000 ரூபாய், 5,000 என்றால் சுமார் 8,50,000 ரூபாய் வாரிசுக்கு.

இதில் வயதுதான் எல்லாம். மாதம் 1,000 ரூபாய் பென்ஷனுக்கு 18 வயதுப் பிள்ளை கட்ட வேண்டியது மாதம் 42 ரூபாய். 30 வயதில் சேர்ந்தால் 116. 40 வயதில் சேர்ந்தால் 291. அதே 5,000 ரூபாய்க்கு 18ல் 210, 30ல் 577, 40ல் 1,454. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளை இருந்தால் அவளை இப்போதே சேர்த்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 30 வயதுக்காரி 116 வீதம் முப்பது வருடம் கட்டுவது மொத்தம் 41,760 ரூபாய். பென்ஷன் வர ஆரம்பித்து மூன்றரை வருடத்தில் போட்டது கைக்கு வந்துவிடும்.

இன்னொரு திட்டம் 2019ல் வந்தது, பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான் தன். மாத வருமானம் 15,000க்கு மேல் போகாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு. இதுவும் 18ல் இருந்து 40 வரைதான். 18 வயதில் 55 ரூபாய், 29ல் 100, 40ல் 200. நாம் எவ்வளவு போடுகிறோமோ அதே அளவு மத்திய அரசும் போடும். 60க்கு மேல் மாதம் 3,000. நமக்குப் பிறகு கணவருக்குப் பாதி. இரண்டு பேருக்கும் பிறகு வாரிசுக்குப் பெரிய தொகை எதுவும் இதில் வராது. கட்டுவது குறைச்சலாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் மனதில் வையுங்கள். பி.எப். பிடிக்கிற வேலையில் இருப்பவர்கள் இதில் சேர முடியாது. பி.எப். உள்ள பீடி அக்காமார் இதைக் கவனிக்கணும்.

இவ்வளவு நல்லா இருக்கே, பின்னே ஏன் தீர்மானத்தை வாபஸ் வாங்குதா என்று நினைப்பீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு முகாம் நடத்தினோம். ஒரே நாளில் நாற்பது பேரைச் சேர்த்தேன். எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு. எல்லாருக்கும் மாதாமாதம் பிடிக்கிற மாதிரியே எழுதிக் கொடுத்தோம். எந்தத் தேதியில் பணம் பிடிப்பார்கள், அன்றைக்குக் கணக்கில் பணம் இருக்குமா என்று நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. நம்ம பெண்களுக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது. கணக்கில் காசு இல்லாததால் தவணை தவறியது. 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறியது. போன மாதச் சண்டைக்குப் பிறகு வீடு வீடாகப் போய் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நாற்பது பேரில் பதினேழு பேர் நிறுத்திவிட்டார்கள். அதில் நாலு பேருக்கு, தாங்கள் எந்தத் திட்டத்தில் சேர்ந்தோம் என்றே தெரியாது. "நீ சொன்ன, நான் கைநாட்டு வச்சேன்" என்றாள் ஒருத்தி. அந்த வார்த்தை எனக்குச் செருப்படி.

அந்தத் திட்டத்தில் மாதம் ஒரு முறைதான் கட்ட வேண்டும் என்று இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றும் கட்டலாம். அறுப்புக் காலத்தில், போனஸ் வரும் நேரத்தில் கட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு முறை பென்ஷன் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் பதினேழு பேரில் பாதிப் பேராவது நின்றிருப்பார்கள். கட்டாயம் என்று சட்டம் போட்டு, கடனை நிறுத்திவைத்து மிரட்டியிருந்தால், நிறுத்தியவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கவே மாட்டாள். குழுக் கடனுக்காகக் கந்துவட்டி வாங்கித் தவணை கட்டியிருப்பாள். நாம் குழு ஆரம்பித்ததே அந்தக் கந்துவட்டியை ஒழிக்கத்தானே!

அடுத்து முதலாளி போடும் பணம். இதைச் சொல்ல என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்க அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பீடி சுற்றினாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள், திரும்பி வரும்போதும் அதே தட்டு அதே மடியில் இருக்கும். வீட்டில் இருந்து சுற்றுகிறவள் தொழிலாளியே இல்லை என்று ஒரு காலத்தில் கம்பெனிகள் வாதாடின. 1985ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று தீர்ப்பு வந்தது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி அக்காமார் கையில் இன்றைக்கு பி.எப். எண் இருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது.

அம்மா பெயரில் பி.எப். பிடித்தது எட்டு வருடம். அக்கா கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. கணக்கை முடித்து எல்லாவற்றையும் எடுத்தாள். பென்ஷனுக்குப் பிடித்ததும் சேர்ந்து வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருந்தால் பத்து வருடம் ஆகியிருக்கும், 58 வயதில் இருந்து ஆயுசுக்கும் பென்ஷன் வந்திருக்கும் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அதற்குப் பிறகு அவள் அடுத்த வீட்டுக்காரி பாஸ் புத்தகத்தில் சுற்றினாள். உழைப்பு அம்மாவுடையது, பி.எப். இன்னொருத்தி பெயரில்.

பீடித் தொழிலில் கூலியில் நூற்றுக்கு 10 ரூபாய் நம்மிடம் பிடிக்கிறார்கள், 10 ரூபாய் முதலாளி போட வேண்டும். முதலாளி போடும் பத்தில் 8 ரூபாய் 33 காசு பென்ஷன் நிதிக்குப் போகும். மத்திய அரசும் 1 ரூபாய் 16 காசு போடும். அதனால் பத்து வருடம் நிறையாமல் வேலையை விட நேர்ந்தாலும், பென்ஷன் பகுதியைப் பணமாக எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு வேறு இடத்தில் பி.எப். பிடித்தால் பழைய வருடங்களும் சேரும். இந்தப் பென்ஷனில் குறைந்தபட்சம் மாதம் 1,000 என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். போதாதுதான், கூட்டச் சொல்லிச் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ஒன்றுமே இல்லாமல் இருந்த என் அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது அரசு தரும் பணம். அம்மாவுக்கு 62 வயதில் முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டோம். ஆபீசில் கேட்ட முதல் கேள்வி, "மகன் இருக்கான்லா?" இருக்கிறான். அவனுக்கு மூன்று பிள்ளைகள், பெயிண்ட் அடிக்கிற வேலை, வாரத்தில் நாலு நாள். மனு தள்ளுபடி. பிள்ளை பெற்றது ஒரு குற்றமா என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு வருடம் நடந்த பிறகுதான் கிடைத்தது, மாதம் 1,000. முதல் பணம் வந்த அன்று பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினாள். என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இனிமே மூக்குப்பொடி வாங்க உன் தம்பி முகத்தைப் பாக்க வேண்டாம்ட்டி." அவள் சாகிற வரைக்கும் அந்தப் பணம் வந்தது.

அந்தப் பணத்தைச் சிலர் இலவசம் என்கிறார்கள். நம் கூட்டத்திலேயே ஒரு தங்கச்சி, "நாம வரி கட்டலை, அதனால கேட்டு வாங்க முடியாது" என்றாள். யார் சொன்னது நாம் வரி கட்டவில்லை என்று? செல்போனுக்கு 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 30 ரூபாய் ஜி.எஸ்.டி. எண்ணெயில், சோப்பில், பிள்ளைக்கு வாங்கும் செருப்பில் எல்லாம் கட்டுகிறோம். நம்ம அம்மாமார் ஆயுசு பூராவும் கட்டியிருக்கிறார்கள். வயதான காலத்தில் அதில் ஒரு பங்கு திரும்பி வருவது தர்மம் இல்லை, உரிமை.

ஆனால் அந்த உரிமையும் தேய்ந்துகொண்டே போகிறது. நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962ல் 20 ரூபாயில் தொடங்கியது. 2011ல் 1,000 ஆனது. 2023ல் 1,200 ஆனது. இடைப்பட்ட 12 வருடத்தில் ஏறியது 200 ரூபாய். அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மத்திய அரசின் பங்கோ, 60ல் இருந்து 79 வயது வரை உள்ளவருக்கு மாதம் 200 ரூபாய். 2007ல் அந்தத் திட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்தபோதும் 200தான், அதற்குப் பிறகும் 200தான். 80 தாண்டினால் 500.

நாம் கட்டும் கணக்கிலும் இதே வியாதி உண்டு. விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் 14 வருடத்தில் இரண்டு மடங்கு, 28 வருடத்தில் நாலு மடங்கு. இன்றைக்கு 32 வயதுத் தங்கச்சி 5,000 ரூபாய் பென்ஷனுக்குச் சேர்ந்தால், அவளுக்கு 60 ஆகும்போது அந்த 5,000 இன்றைய 1,250 ரூபாய் பெறும். அதனால் எந்தப் பென்ஷனாக இருந்தாலும் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிற மாதிரி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அரசு ஊழியர்களின் பழைய பென்ஷனில் அகவிலைப்படி இருக்கிறது. நம் வீட்டு அடுப்புக்கும் அதே விலைவாசிதானே?

வரியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 1976ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று முதலாளியிடம் தனி வரி வாங்கினார்கள், கடைசியில் அது 5 ரூபாயாக இருந்தது. அந்தப் பணம் பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கும், வீட்டுக்கும், மருத்துவத்துக்கும் என்றே எழுதி வைத்த உண்டியல். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தனி வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது அரசின் பொதுப் பெட்டியில் இருந்து ஒதுக்குகிறார்கள். பொதுப் பெட்டி என்றால் வருடா வருடம் கேட்டு நிற்க வேண்டும். நம்ம பெயர் எழுதிய உண்டியல் என்றால் கேட்க ஒரு பிடிமானம் இருக்கும்.

அதற்காக உண்டியல் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. கட்டடம் கட்டுகிறவர்களிடம் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வாங்கிக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குக் கொடுக்கிறார்கள். நாடு முழுக்க அப்படிச் சேர்ந்த பல ஆயிரம் கோடி ரூபாய் செலவாகாமல் கிடந்ததை 2018ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. காரணம், வேலை செய்கிறவர்கள் பலர் வாரியத்தில் பதிவே செய்யவில்லை. சித்தாள் வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (சிலர் கை தூக்கினார்கள்.) பாருங்கள், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உண்டியல் நிறைந்து கிடக்கு, நாம் வெளியே நின்று பசிக்குது என்கிறோம்.

ஆகவே சகோதரிகளே, அன்றைக்குப் பேசிய மூன்று பேர் சொன்னதும் சரிதான். அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். ஒரு கல் நம் கையால் வைப்பது, ஒன்று முதலாளி வைப்பது, ஒன்று அரசு வைப்பது. என் தீர்மானம் முதல் கல்லை மட்டும் வைத்து, அதன்மேல் பானையை ஏற்றச் சொன்னது. சேமிக்க முடிந்தவளைத் தட்டிக்கொடுத்து, முடியாதவளைக் கடனுக்கும் இல்லாமல் வெளியே தள்ளியது. 59 வயது மதினிக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கே 46 வயது. நான் எழுதிய தீர்மானத்தில் எனக்கே இடம் இல்லை!

அதனால் பழையதை வாபஸ் வாங்கி, புதுத் தீர்மானம் ஒன்றை உங்கள் முன்னால் வைக்கிறேன். கட்டாயம் கிடையாது, கடனோடு முடிச்சுப் போடுவதும் கிடையாது. ஒவ்வொரு குழுவும் அடுத்த மூன்று மாதத்துக்குள் உறுப்பினர்களின் வயது, வேலை, பி.எப். எண், நல வாரியப் பதிவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். 40க்கு உட்பட்டவருக்கு இரண்டு திட்டத்தையும் விளக்கி, எந்த மாதத்தில் கையில் காசு இருக்கும் என்று கேட்டுச் சேர்க்க வேண்டும். நிறுத்திய பதினேழு பேர் வீட்டுக்கும் நானே போய், தொடர விரும்புகிறவர்களுக்கு வங்கியில் கூட நிற்பேன். வேறு ஒருத்தி பாஸ் புத்தகத்தில் பீடி சுற்றுகிறவர்களுக்குச் சொந்தப் பெயரில் பதிவு கேட்டு, கூட்டமைப்பு மனு கொடுக்க வேண்டும். 60 தாண்டியவரின் மனுவுக்குக் குழுவில் இருந்து இரண்டு பேர் துணைக்குப் போக வேண்டும், "மகன் இருக்கான்லா" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். மத்திய அரசின் 200 ரூபாயைக் கூட்டவும், எல்லாப் பென்ஷனும் விலைவாசியோடு ஏறவும் கோரி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு எல்லாக் குழுவும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. நாம் குழுவில் முதலில் சேர்ந்தபோது சேமிப்பு மாதம் இருபது ரூபாய். இதைச் சேர்த்து என்னத்தக் கட்டப் போறிய என்று சிரித்தார்கள். இன்றைக்கு அவர்கள் வீட்டுப் பெண்களும் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்குச் சேர்த்தோம், வீட்டுக்குச் சேர்த்தோம், கல்யாணத்துக்குச் சேர்த்தோம். நமக்கென்று ஒன்றும் சேர்க்கவில்லை. வயதான காலத்தில் ஒரு வாய் வெற்றிலைக்கு, ஒரு மாத்திரைக்கு மற்றவர் முகத்தைப் பார்த்து நிற்காமல் இருக்க வேண்டும். அது பேராசை இல்லை.

தீர்மானத்தை ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். ஏற்காதவர்கள் எழுந்து பேசுங்கள். போன மாதம் நீங்கள் பேசியதால்தான் எனக்குக் கண் திறந்தது.